ஷாமுகி எழுத்து திரையில் உடைந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லாகூரிலும் கசூரிலும் பஞ்சாபி மொழியை எழுதப் பயன்படும் எழுத்து ஷாமுகி. அரபி-பாரசீக எழுத்துக் குடும்பம். வலமிருந்து இடமாக ஓடும், பெரும்பாலும் சரிந்து இறங்கும் நஸ்தாலிக் பாணியில் இருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மொழிக்குக் குர்முகி. மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, தரவுத் தொகுப்பு என்று ஏதோ ஒரு வேலையில் ஷாமுகி உரை கைக்கு வந்து, திரையில் அது கோணல்மாணலாக நின்றால் எங்கே கை வைப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

ஷாமுகி கணினியில் படும் பாட்டில் பெரும்பகுதிக்கு மூலகாரணம் ஒன்றே. மென்பொருள் அதை உருது என்று நினைத்துக்கொள்கிறது. உருதுவுக்கென்று செய்த கீபோர்டு, எழுத்துரு, பிழைதிருத்தி எல்லாம் ஷாமுகிக்கு முக்கால்வாசி பொருந்தும், மீதிக் காலில் காலை வாரும். உருதுவில் இல்லாத இரண்டு ஒலிகள் பஞ்சாபியில் உண்டு: ண, ள. தமிழ்க் காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் உருதுவில் ‘பானீ’, பஞ்சாபியில் ‘பாணீ’. குர்முகியில் இரண்டுக்கும் எழுத்து இருக்கிறது. ஷாமுகியில் நூன் (ன எழுத்து) தலையில் குட்டி ‘தோயே’ (இன்னொரு அரபி எழுத்தின் சிறு வடிவம்) போட்டால் ண, லாம் (ல எழுத்து) தலையில் போட்டால் ள. கோளாறுகளில் பாதி இந்த இரண்டைச் சுற்றித்தான்.

எதற்கும் முன்னால்: எழுத்தின் எண்ணைப் பாருங்கள்

எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விண்டோஸ் வேர்டிலோ லிப்ரேஆஃபீஸிலோ சந்தேக எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மறைந்து அதன் யூனிகோடு எண் வரும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

கீழே எண்களில் வரும் ‘சி’, ‘பி’, ‘இ’ போன்றவை ஆங்கில எழுத்துகள். தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

ண வரும் இடத்தில் பெட்டி, அல்லது சொல் அந்த இடத்தில் மட்டும் உடைகிறது

இரண்டும் ஒரே நோய். ஷாமுகி ண-வின் எண் 0768. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் அது சேர்ந்தது. எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை, கணினியிலும் வேறு எதிலும் இல்லை என்றால் பெட்டி வரும். வேறொரு எழுத்துருவில் இருந்தால் கணினி அதைக் கடன் வாங்கிப் போடும். அப்போது ‘பாணீ’ என்ற சொல்லில் ‘பா’ நஸ்தாலிக்கில் சரிந்து நிற்கும், ண மட்டும் செங்கல் போல நேராக நஸ்க் பாணியில் நிற்கும், ‘ஈ’ மறுபடி நஸ்தாலிக்கில் தனியாக நிற்கும். எழுத்துரு மாறும் எல்லையில் இணைப்பு அறுந்துவிடும். பெட்டியாவது கண்ணில் படும். இந்த இரண்டாவது வகை, படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு ‘ஏதோ அலங்காரம்’ என்று தப்பி அச்சுக்கே போய்விடும்.

பாகிஸ்தானில் புழங்கும் நஸ்தாலிக் எழுத்துருக்கள் பலவற்றுக்கு ஆதி, 1981இல் மிர்ஸா அகமது ஜமீல் உருவாக்கிய நூரி நஸ்தாலிக். எழுத்து எழுத்தாகக் கோக்காமல், உருதுவில் வரும் கூட்டெழுத்து வடிவங்களை ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே வரைந்து வைத்த முறை அது. உருதுவுக்கு அழகு கொட்டும். ஆனால் உருதுவில் வராத ண-வோடு சேரும் வடிவங்களை அதில் தேடுவது வீண். ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்குமுன் சோதித்துப் பாருங்கள். சொல்லின் நடுவில் ண, சொல்லின் கடைசியில் ண, தனி ண, இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் அந்த எழுத்துருவை நம்பலாம். நோட்டோ நஸ்தாலிக் உருது முதல் முயற்சிக்கு நல்லது. எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனம் வெளியிட்ட அவாமி நஸ்தாலிக், உருது அல்லாத மொழிகளையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. ஒரு சிக்கல்: அது கிராஃபைட் என்ற தொழில்நுட்பத்தை நம்பியிருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் லிப்ரேஆஃபீஸிலும் வேலை செய்யும், குரோமிலும் வேர்டிலும் செய்யாது. இணையப் பக்கத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

சொல்லின் முதலிலேயே ண வந்து உடைந்து கிடந்தால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம், உரையைச் சந்தேகியுங்கள். தமிழைப் போலவே பஞ்சாபியிலும் ண-வில் சொல் தொடங்காது.

ண எழுத்தைத் தட்டவே முடியவில்லை

பெரும்பாலான உருது கீபோர்டுகளில் அது இல்லை. விண்டோஸில் ‘பஞ்சாபி’ கீபோர்டைச் சேர்த்தால் குர்முகி வரும், அதுவும் உதவாது. கொஞ்சம்தான் தட்ட வேண்டும் என்றால் ஆங்கில கீபோர்டுக்கு மாறி 0768 என்று அடித்து ஆல்ட்-எக்ஸ். நிறைய என்றால் வேர்டின் தானியங்கித் திருத்தத்தில் ஒரு குறுக்குவழி போட்டுக்கொள்ளுங்கள்.

சிலர் சிந்தி கீபோர்டிலிருந்து ண-வை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதன் எண் 06பிபி. அதிலும் குட்டி தோயே உண்டு, ஆனால் நூனின் புள்ளி இல்லை. சிறிய அளவில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தேடும்போது தெரியும்.

ள-வைக் காணவே காணோம்

08சி7. யூனிகோடு 13இல், 2020 மார்ச்சில்தான் வந்தது. இத்தனை புதியது என்பதால் பழைய எழுத்துருக்கள் எதிலும் இருக்க வாய்ப்பில்லை. சரியான நஸ்தாலிக் கிடைக்காவிட்டால் ஷெஹரஸாதே நியூ போன்ற நஸ்க் எழுத்துருவில் முழு உரையையும் போடுங்கள். ஒரே எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டுப்போடுவதைவிட இது மேல்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: மூல உரையில் ள இருந்ததா? பேச்சில் ‘கோலீ’ வேலைக்காரப் பெண், ‘கோளீ’ துப்பாக்கிக் குண்டு. ஷாமுகியில் காலங்காலமாக இரண்டையும் வெறும் லாம் போட்டே எழுதி வந்திருக்கிறார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். இன்றும் ண அளவுக்கு ள பரவவில்லை. மூலத்தில் லாம் இருந்தால் லாமாகவே விடுங்கள் என்பேன். அகராதியோ மொழிப் பாடநூலோ செய்கிறீர்கள் என்றால் கதை வேறு.

சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

இதுதான் நேரத்தைத் தின்னும் கோளாறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்கள். அரபி கீபோர்டில் தட்டியது, ஏதோ பிடிஎஃப்பிலிருந்து எடுத்தது, உருது கீபோர்டில் தட்டியது எல்லாம் ஒரே கோப்பில் கலந்திருக்கும்.

காஃப்: அரபிக்கு 0643, ஷாமுகிக்கு 06ஏ9. கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

யே: அரபிக்கு 064ஏ, ஷாமுகிக்கு 06சிசி. சொல் கடைசியில் அரபி யேயின் கீழே இரண்டு புள்ளி தெரியும், ஷாமுகியில் தெரியாது. நடுவில் இரண்டும் ஒன்றே. புள்ளியே இல்லாத அரபி 0649 என்று மூன்றாவது ஒன்றும் திரியும். எல்லாவற்றையும் 06சிசி ஆக்குங்கள். உரைக்குள் குர்ஆன் வரியோ அரபி மேற்கோளோ இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘பாஈ’ (அண்ணன்) போன்ற சொற்களில் வரும் ஹம்சா (மேலே போடும் சிறு குறி) போட்ட யே 0626 என்ற ஒற்றை எண். சில கோப்புகளில் அது பிரிந்து 064ஏ, 0654 என்று இரண்டு எண்ணாகக் கிடக்கும். அந்த நிலையில் யேயை மாற்றினால் 06சிசி, 0654 என்ற ஜோடி உருவாகும். அது எந்தக் காலத்திலும் 0626 ஆகச் சேராது. எனவே முதலில் என்எஃப்சி ஒழுங்காக்கம் (பிரிந்து கிடக்கும் எண்களை ஒற்றை எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடு முறை), பிறகு எழுத்து மாற்றம். வரிசையை மாற்றிச் செய்தால் தேடல் முன்பைவிட மோசமாகும்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரை என்றால் எண்கள் எஃப்பி, எஃப்சி, எஃப்டி, எஃப்இ என்று தொடங்கலாம். அவை ஓர் எழுத்தின் முதல்-நடு-கடை வடிவங்களுக்கான பழைய எண்கள். என்எஃப்கேசி ஒழுங்காக்கம் அவற்றை அடிப்படை எழுத்தாக்கிவிடும். சூஃபி நூல்களில் அடிக்கடி வரும் நபி வாழ்த்துக் குறியையும் (எஃப்டிஎஃப்ஏ) அது முழு அரபி வாக்கியமாக விரித்துவிடும். அந்தக் குறியை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

‘சுமை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வசந்தம்’

ஹே. இந்த ஒரு பெயரில் எத்தனை பேர்! சோட்டி ஹே 06சி1, இரட்டைக்கண் ஹே (தோ-சஷ்மி) 06பிஇ, அரபி ஹே 0647. இவை போக பரீ ஹே தனி எழுத்து, அது குழப்பம் தராது. இரட்டைக்கண் ஹே முந்தைய எழுத்தோடு ஒட்டி, ‘ப்’ என்பதை ‘ப்ஹ்’ ஆக்கும். பே, இரட்டைக்கண் ஹே, அலிஃப், ரே என்று எழுதினால் ‘ப்ஹார்’, சுமை. அதே இடத்தில் சோட்டி ஹே போட்டால் ‘பஹார்’, வசந்தம்.

அரபி ஹே தான் இதில் வில்லன். நஸ்க் எழுத்துருவில் சொல்லின் முதலிலும் நடுவிலும் அது இரட்டைக்கண் ஹே போலவே முடிச்சாகத் தெரியும். தட்டியவர் திருப்தியாகப் போய்விடுவார். நஸ்தாலிக்குக்கு மாற்றியதும், எழுத்துருவைப் பொறுத்து, அது சோட்டி ஹேயின் கொக்கியாக மாறி ‘சுமை’யெல்லாம் ‘வசந்தம்’ ஆகிவிடும்.

0647 எல்லாவற்றையும் ஒரே அடியில் ஏதோ ஒன்றாக மாற்றும் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் கிடைக்கும். வேண்டாம். அலிஃப், வாவ், யே ஆகியவற்றுக்குப் பின்னால் வந்தால் சோட்டி ஹே என்று எடுத்துக்கொள்ளலாம். பே, தே, ஜீம், தால், காஃப், காஃபின் ஒலிப்புள்ள இணை (ஆங்கில ‘ஜி’யின் ‘க’ ஒலி) போன்றவற்றுக்குப் பின்னால் வந்தால் ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியவரின் உரை என்றால் இன்னொரு பிழையும் எதிர்பாருங்கள். பஞ்சாபியில் சுர வேறுபாடு உண்டு. ‘ப்ஹார்’ என்று எழுதினாலும் வாயில் தாழ்ந்த சுரத்தோடு ‘பார்’ என்றுதான் வரும். ‘க்ஹோடா’ (குதிரை) என்ற எழுத்து ‘கோடா’ என்று கேட்கும். சுரத்துக்கு ஷாமுகியில் குறியீடு கிடையாது, ஹே தான் அதன் தடயம். காதை நம்பி எழுதினால் ஹே காணாமல் போகும்.

சொல் நடுவில் நூனின் புள்ளி காணோம்

யாரோ நூன் குன்னாவை (06பிஏ) நடுவில் தட்டியிருக்கிறார்கள். மூக்கொலிக்கான அந்தப் புள்ளியில்லா நூன் சொல்லின் கடைசியில் மட்டுமே வரலாம். நடுவில் மூக்கொலிக்கும் சாதாரண நூன்தான், 0646. மாற்றினால் முடிந்தது.

எழுத்துகள் தனித்தனியாக, இடமிருந்து வலமாக நிற்கின்றன

உரையில் குறை இல்லை. எழுத்துகளைக் கோக்கும் வேலையை மென்பொருள் செய்யவில்லை. ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் க-வும் காலும் திசைக்கொன்றாக நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழைய தலைவலிதான். அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். பைத்தானின் பில்லோ வழியாகப் படத்தில் எழுதினால் ராக்கம் நூலகம் இருக்கிறதா பாருங்கள்.

‘அரபியைச் சரிசெய்கிறேன்’ என்று வரும் சில குட்டி நிரல்கள், மேலே சொன்ன முதல்-நடு-கடை வடிவ எண்களை வைத்து எழுத்துகளை ஒட்டவைக்கும். அரபிக்கும் உருதுவுக்கும் அது ஓரளவு நடக்கும். ஷாமுகி ண-வுக்கு அந்தப் பழைய வடிவ எண்களே கிடையாது. சரியாக அந்த எழுத்தில் இணைப்பு விட்டுப்போகும். இதற்கு ஒட்டுப்போட முடியாது, நிரலையே மாற்ற வேண்டும்.

இணையப் பக்கத்தில் தலைப்பு மட்டும் உடைகிறது என்றால், தலைப்புக்கு லெட்டர்-ஸ்பேசிங் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். எடுத்துவிடுங்கள்.

வரியின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது

நஸ்தாலிக்கில் சொல் வலது மேலே தொடங்கி இடது கீழே இறங்கும். சொல் நீண்டால் தொடக்கம் இன்னும் மேலே ஏறும். தமிழுக்கு வைத்த வரி உயரம் போதாது. எழுத்தளவைப்போல இரண்டு மடங்கிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டுங்கள். பொத்தான், பட்டியல் தலைப்பு போன்ற உயரம் கட்டுப்பட்ட இடங்களிலும், தமிழ்ப் பத்திக்குள் ஒன்றிரண்டு ஷாமுகிச் சொல் வரும் இடங்களிலும் நஸ்க் எழுத்துருவே போதும். லாகூர்க்காரர் அதைப் பார்த்து முகம் சுளிக்கலாம், ஆனால் படித்துவிடுவார்.

இரண்டு சொற்கள் இடம் மாறிவிட்டன, தொலைபேசி எண் தலைகீழாகிவிட்டது

தமிழ் வாக்கியத்துக்குள் இரண்டு ஷாமுகிச் சொற்களைக் காற்புள்ளி போட்டு எழுதுகிறீர்கள். முதலில் எழுதியது வலப்பக்கம் போய்விடுகிறது. தமிழில் படித்து வருபவர் இரண்டாவது சொல்லை முதல் சொல்லாக எடுத்துக்கொள்வார். ‘முறையே’ என்று எழுதியிருந்தால் பொருளே மாறிவிடும். இரண்டுக்கும் நடுவில் தமிழ் எழுத்து எதுவும் இல்லாததால் முழுவதையும் ஒரே வலமிட ஓட்டமாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. காற்புள்ளிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடவலக் குறி (200இ) ஒன்றைப் போடுங்கள். இன்னும் எளிது, நடுவில் ‘என்பதும்’ என்று ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு எழுதிவிடுவது.

எண்களில் இது வேறு மாதிரி. லாகூரின் 042 குறியீட்டோடு இணைகோடு போட்டு எழுதிய தொலைபேசி எண், ஷாமுகி எழுத்துக்குப் பின்னால் வந்தால் துண்டுகள் இடம் மாறி 042 வலது கோடியில் போய் நிற்கும். எண்ணின் முன்னால் 2066, பின்னால் 2069 போட்டுத் தனிமைப்படுத்துங்கள். இணையப் பக்கம் என்றால் பிடிஐ குறியொட்டுக்குள் வைத்து டிஐஆர் மதிப்பை எல்டிஆர் (இடமிருந்து வலம்) என்று கொடுத்தால் போதும். முழுப் பத்தியும் ஷாமுகி என்றால் பத்திக்கே ஆர்டிஎல் (வலமிருந்து இடம்) கொடுக்க வேண்டும். வலது ஒழுங்கு கொடுத்தால் திசை மாறியதாக ஆகாது. அப்படிச் செய்த பக்கங்களில் முற்றுப்புள்ளிகளெல்லாம் தப்பான ஓரத்தில் தொங்கும்.

கோப்பைத் திறந்தால் ஒரே கிறுக்கல்

அநேகமாக இன்பேஜ் கோப்பு. 1994இல் வந்த இந்த மென்பொருளில்தான் பாகிஸ்தானின் உருது, பஞ்சாபி அச்சுலகம் பல ஆண்டு ஓடியது. பழைய பதிப்புகளின் குறியாக்கம் தனி. நம் பாமினி கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்த கதைதான். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, யூனிகோடாக மாற்றும் கருவி வேண்டும்.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை. ண கிடைக்காத காலத்து உரையில் வெறும் நூனோ, நூனும் தோயே போட்ட ரேயும் சேர்ந்த ஜோடியோ இருக்கும். அந்த ஜோடியைப் பார்த்துப் பார்த்து மாற்றலாம். வெறும் நூனை எல்லா இடத்திலும் ண ஆக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வினைப்பெயர் விகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஜாணா’ (போவது), ‘வேக்ஹணா’ (பார்ப்பது) என்று ண வரும். ஆனால் ‘கர்னா’ (செய்வது) என்பதில் ரகரத்துக்குப் பின்னால் ன-தான். ‘படிப்பது’ என்பதற்கான சொல்லிலும் அப்படியே. ஒட்டுமொத்த மாற்றம் செய்தால் ‘கர்ணா’ என்று பஞ்சாபியில் இல்லாத ஒன்று பக்கமெங்கும் முளைக்கும்.

குர்முகியிலிருந்து மாற்றியது, படித்தால் சிரிக்கிறார்கள்

குர்முகியில் ‘ஸ’ ஒன்று. ஷாமுகியில் சீன், சுவாத், ஸே என்று மூன்று. ‘ஸ்ஸ’ (இசட்) ஒலிக்கு நான்கு. அரபி, பாரசீகச் சொற்கள் அவற்றின் மூல எழுத்துக்கூட்டலோடு வர வேண்டும். ‘ஸாஹிப்’ சுவாதில் தொடங்கி, பரீ ஹேயோடு வரும். எந்திரம் அதைச் சீனும் சோட்டி ஹேயுமாகத் தட்டிவைத்திருக்கும். எதிர்த்திசையில் சிக்கல் உயிரெழுத்தில். ஷாமுகியில் குறில்களைப் பொதுவாக எழுதுவதில்லை. இரட்டிப்புக் குறியும் விடுபடும். காஃபின் இணையும் லாமும் மட்டும் எழுதியிருந்தால் அது ‘கல்ல்’ (பேச்சு), ‘கள்’ (கழுத்து), ‘குல்’ (பூ) எதுவாகவும் இருக்கலாம். பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகம் இதற்குக் கருவி செய்திருக்கிறது. எந்தக் கருவியானாலும் வெளிவருவதை வரைவாகவே வைத்துக்கொண்டு, ஷாமுகியில் படித்து வளர்ந்தவர் கண்ணில் ஒருமுறை காட்டுங்கள்.

எல்லாச் சொல்லிலும் சிவப்புக் கோடு, அல்லது திடீரென்று குர்முகி

மொழிக் குறி தப்பு. ‘பிஏ’ என்று மட்டும் கொடுத்தால் கணினி குர்முகி என்று எடுத்துக்கொள்ளும். ‘பிஏ-அரப்’ என்று கொடுங்கள். சில அமைப்புகள் மேற்குப் பஞ்சாபிக்கான ‘பிஎன்பி’ குறியை எதிர்பார்க்கும், ஷாமுகி விக்கிப்பீடியாவின் முகவரியிலும் அதுதான். கூகுள் மொழிபெயர்ப்பில் 2024 ஜூனில் ஷாமுகி தனியாகச் சேர்ந்தது. பட்டியலில் இரண்டு பஞ்சாபி இருக்கும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உருது என்று குறித்துவிட்டு அப்படியே விட்டால் பிழைதிருத்தி ‘பாணீ’யை ‘பானீ’ ஆக்கிக்கொண்டே இருக்கும்.

அகர வரிசை கலைந்துவிட்டது

எண் வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அரபியில் உள்ள எழுத்துகள் முதலில் வந்து, அரபியில் இல்லாத டே, பே (ஒலிப்பில்லாதது), சே எல்லாம் பின்னால் தள்ளப்பட்டு, ண-வும் ள-வும் கடைசி வாலில் கிடக்கும். தரவுத்தளத்தில் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் அடுக்கு முறையை உருதுவுக்கு வைத்து, இரண்டு விதிகளைக் கூடுதலாகச் சேருங்கள்: நூனுக்கு அடுத்து 0768, லாமுக்கு அடுத்து 08சி7. அடுக்குவதற்கு முன்னால் யே, காஃப் ஒழுங்காக்கம் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சொல் பட்டியலில் இரண்டு இடத்தில் வரும்.